‘போடு’ என்றதும் விழுந்த வாள்

‘சரக்’கென்று ஓர் உரசல். உறையிலிருந்து வாளை உருவுகிற சத்தம். சென்னியப்பனுக்குக் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அவர் கண்ணை இரண்டு மடிப்புக் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள்.

என்ன கூத்து இது என்று கேட்பீர்கள். திருப்பூரில் ஒரு வீடியோ கேம் கடை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாமுராய்ச் சண்டை ஆட்டத்தில் போட்டி. அணிக்கு மூன்று பேர். ஒருவர் ஆயுதம் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது. ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். மூன்றாமவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவார். கடைசியில் நிற்கும் கிழட்டு வீரனுக்குப் பின்னாலுள்ள கதவு திறந்துவிட்டால் ஜெயம். பரிசு ஒரு வேலை. கோயம்புத்தூரில் ஆட்டம் தயாரிக்கிற கம்பெனியில், ஆட்டம் வெளிவருமுன் ஆடிப் பார்த்து, மற்றவர் கண்ணில் படாததைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. ஆனால் ஒருவருக்குத்தான். ஜெயித்த மூவரில் யாருக்கு என்பதைக் கடைக்காரர் அர்த்தநாரி சொல்வார்.

சென்னியப்பனுக்கு அந்த வேலை வேண்டும். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறார். பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது. அந்தத் தூசியிலிருந்து வெளியே வாங்க என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. வெளியே வந்தால் எங்கே போவது என்பதை டாக்டர் சொல்லவில்லை.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தவள் தெய்வானை. அதே கம்பெனியில் தைத்த பனியன்களில் ஓட்டை தேடும் செக்கிங் வேலை அவளுக்கு. வில், ஈட்டி, இரும்புத் தடி, சங்கிலி அரிவாள், வாள் என்று ஐந்து இருந்தன. முன்னால் ஆடிய பதினோரு அணிகளும் எட்ட நின்று தாக்கலாம் என்று வில்லையோ ஈட்டியையோ எடுத்துத் தோற்றிருந்தன.

“வாள்” என்றாள் தெய்வானை.

குரல் கொடுக்க நின்ற மயிலானந்தன் தலையில் கை வைத்தான். அவன் சென்னியப்பனின் மனைவிக்குத் தம்பி. “ஏனுங்கக்கா, அந்தக் கெழவன் கையிலயும் வாள். கிட்டப் போயிக் கழுத்தக் குடுத்துட்டு வரச் சொல்றீங்களா?”

“எட்ட நின்னவங்க என்னத்தக் கிழிச்சாங்க, தம்பி? அவன் பக்கத்துல ஒரு மரச்சட்டம் இருக்குது பாரு. ரெண்டு வாள் படுக்கற அளவுக்குப் பள்ளம். ரெண்டும் காலி. எதுக்குன்னு எனக்கும் தெரியல. ஆனா சும்மா வெச்சிருக்க மாட்டாங்க.”

“சண்டைக்கு வந்த எடத்துல மரச்சாமான் பாக்கறீங்களே” என்று அவன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ‘வெட்டு’, ‘தடு’, ‘நகரு’. மூன்று வாரப் பயிற்சியில் அவர்கள் வைத்திருந்த சொற்கள் இந்த மூன்றுதான். சென்னியப்பனின் விரல்கள் அவற்றுக்குப் பழகியிருந்தன. ஆனால் கிழவன் பொல்லாதவன். திரையில் சென்னியப்பனின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு மயிரிழையாகத் தேய்ந்துவிட்டது. அப்போது மயிலானந்தனுக்குப் பதற்றத்தில் பாடம் மறந்துபோனது.

“போடு மாமா! வாளைப் போடு!”

தெருச் சண்டையில் ‘போடு’ என்றால் அடி என்று பொருள். சென்னியப்பன் வெட்டுகிற மேசையில் பொருள் வேறு. எதிரே நிற்பவனின் விரல் துணிக்கடியில் வந்துவிட்டால் ‘போடு’ என்று கத்துவார்கள். கையிலிருக்கும் கத்திரியை அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். பன்னிரண்டு வருடம். ஆயுதத்தைக் கீழே வைக்கும் பொத்தானைக் கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது.

ணங்.

“எடுங்க மாமா! ஏன் கீழ போட்டீங்க? எடுங்க!” மயிலானந்தனின் குரல் உடைந்தது.

என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது. எந்தப் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை. வெட்டு விழுவதற்காகக் காத்திருந்தார். விழவில்லை. நாற்பது பேர் நின்ற கடையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு, மரத்தில் இரும்பை மெதுவாக வைக்கிற ஓசை. இன்னொரு முறை அதே ஓசை. ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை? துணியைப் பிடுங்கி எறிந்தார்.

திரையில் கிழவன் வெறுங்கையோடு மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் குனிந்திருந்தான். மரச்சட்டத்தின் மேல் பள்ளத்தில் அவன் வாள். கீழ்ப் பள்ளத்தில் சென்னியப்பனுடையது. பின்னால் கதவு விரியத் திறந்து கிடந்தது.

அர்த்தநாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மூணு வருசமா இந்த ஆட்டத்த ஓட்டிட்டிருக்கறேன். இப்படி ஒண்ணு உள்ள இருக்குதுன்னு எனக்கே தெரியாது.”

முதலில் சுதாரித்தவன் மயிலானந்தன். “நான் போடச் சொன்னேன், மாமா போட்டாரு. வேலை எனக்குத்தானுங்க.”

“கீழ போடச் சொன்னியா, வெட்டச் சொன்னியா?” என்று கேட்டார் அர்த்தநாரி.

“கீழ போடத்தான்” என்றான், கண் சிமிட்டாமல்.

“ஈட்டிய எடுத்திருந்தா அந்தப் பள்ளத்துல எப்படி படுக்கும்? உன் மடியிலயா படுக்க வெப்பே?” என்றாள் தெய்வானை.

கூட்டத்திலோ பாதிப் பேர் சென்னியப்பன் பக்கம். பொத்தானை அழுத்தியது அவர் கைதானே?

அர்த்தநாரி அவர் பக்கம் திரும்பினார். “அண்ணா, தெரிஞ்சுதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை உங்களுக்கு.”

சென்னியப்பனின் நெஞ்சுக்குள் மூச்சு கீச்சிட்டது. ‘ஆமா’ என்ற ஒரு சொல் போதும்.

அவர் வாய் திறக்குமுன் நீங்கள் சொல்லுங்கள்: அந்த வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தெய்வானைக்கு. தெரிந்து கீழே போடச் சொன்னவன் அடுத்த நொடியே ‘எடுங்க’ என்று கத்தமாட்டான். சென்னியப்பனின் கை பழக்கத்துக்குக் கீழ்ப்படிந்தது. அதில் மனசுக்குப் பங்கில்லை. தெய்வானைக்கும் முடிவு தெரியாதுதான். ஆனால் நாற்பது பேரும் பார்த்துக் கடந்துபோன மரச்சட்டத்தை அவள் ஒருத்தி கவனித்தாள், அதற்குத் தக்க ஆயுதத்தை எடுத்தாள். வேலையே அதுதானே? சென்னியப்பனும் அதைத்தான் சொன்னார்: “எனக்குத் தெரியாதுங்க, கை போட்டிருச்சு. பார்த்தது தெய்வானை.” மயிலானந்தன் அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினான். சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். காலையில் பாதியில் விட்டுப்போன துணிகள் வாளியில் ஊறிக் கிடந்தன. லுங்கியை மடித்துக் கட்டி, இருமல் அடங்கும்வரை சுவரைப் பிடித்து நின்றார். பிறகு ஒரு சட்டையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.