எண்பத்தாறாவது ஊர்

“அக்கா, எங்க ஊர்ல கிணறே இல்லைன்னு போட்டிருக்காங்க.”

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடி. வரைபட அறையின் நீண்ட மேசைமேல் மாவட்டக் குடிநீர் வரைபடத்தை விரித்துப்போட்டாள் நன்முல்லை. விரித்தாள் என்பதைவிட அறைந்தாள் என்றே சொல்லலாம்.

அறையின் பொறுப்பாளர் செசிலி எழுந்து வந்து, சுருண்டுகொண்ட முனைகளில் சின்ன மணல் பைகளை வைத்தாள். நன்முல்லையைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு வாங்கும் தற்காலிக வேலை. அவளிடம் வரைபடம் கேட்டுப் போகிறவர்கள் வேறு எதையோ வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று விடுதியில் ஒரு பேச்சு. மாடிச்சாமி என்று பட்டப்பெயர்கூட உண்டு.

நன்முல்லையின் ஊர் பனங்கரடு. வரைபடத்தில் அந்த ஊருக்கு நிறம் இல்லை. வெள்ளைக்குள் ஒரு பூஜ்ஜியம். கிணறே இல்லாத இடத்தில் குடியிருப்பு எங்கே இருக்கப்போகிறது என்று முடிவுகட்டி, நகரத்துக் குப்பையைக் கொட்ட அங்கே இடம் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். அன்று தடுக்காவிட்டால் திங்கட்கிழமை லாரி வரும்.

“நாலு கிணறு இருக்கு. நானே இறைச்சு வளர்ந்தவ. ஒருத்தராவது வந்து பார்த்தாங்களா? ஃபாரம் அனுப்பினாங்களாம், பதில் வரலையாம். தெரியலைன்னு எழுத வேண்டியதுதானே அக்கா? தெரியலைன்னு எழுதக் கூசுது. இல்லைன்னு எழுத மட்டும் கூசல.”

செசிலி வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“தொண்டை கட்டுது பாரு. வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வா.”

வரைபட அறைக்குள் இரண்டு பொருள்கள் வரக்கூடாது. ஒன்று மை, இன்னொன்று தண்ணீர். வாசலுக்கு வெளியே ஸ்டூல்மேல் ஒரு நீலக் கேன் இருக்கும். பக்கத்தில் சணல் கயிற்றில் கட்டிய எவர்சில்வர் டம்ளர்.

நன்முல்லை மூன்று டம்ளர் குடித்தாள். கற்கண்டு கரைத்ததுபோல் இருந்தது. ஏது இவ்வளவு நல்ல தண்ணீர் என்றாள். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர், வாராவாரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன், நீ இப்படிக் குடிக்காவிட்டால் சனிக்கிழமைவரை வரும் என்றாள் செசிலி. அந்தப் பதில் முடிவதற்குள் நன்முல்லை வாதத்துக்குத் திரும்பியிருந்தாள்.

அவள் கேட்டு வந்தது பெரிய உதவியில்லை. ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷமாய் எண்பத்தாறு ஊர்களின் கிணறுகளை எண்ணி, அவளே ஒரு வரைபடம் போட்டிருந்தாள். பனங்கரட்டின் நாலு கிணறும் அதில் இருந்தன. நூலகம் அதை வாங்கிக்கொண்டு ஒரு பதிவெண் கொடுத்தால் போதும், கூட்டத்தில் யாரும் தள்ள முடியாது. எண் இல்லாவிட்டால், ஏதோ ஒரு பெண் கம்ப்யூட்டரில் வரைந்த படம்.

“வச்சிட்டுப் போ,” என்றாள் செசிலி. “படிச்சுப் பார்க்கணும்.”

“படத்தை என்னக்கா படிக்கிறது?”

“படிக்கத்தான் வேணும்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நன்முல்லை மாடி ஏறும்போதே பேசிக்கொண்டு வந்தாள். செசிலி உருப்பெருக்கியோடு முப்பதாவது ஊரில்தான் இருந்தாள்.

ஒரு எண் எழுத இத்தனை நாளா, உங்களுக்கும் அந்தக் குடிநீர் அலுவலகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள் நன்முல்லை. ஒரு பூஜ்ஜியம் போட ஒரு நொடி, அதை அழிக்க ஒரு ஊரே வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்றாள். நன்றாகச் சொன்னோம் என்று அவளுக்கே தோன்றியது. பக்கத்து மேசையில் பாறை வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் தலையைக்கூட ஆட்டினான்.

செசிலி நிமிரவில்லை.

“தண்ணி குடிச்சியா?”

குடித்தாள். அன்றும் மூன்று டம்ளர்.

புதன்கிழமை மதியம். மேசைமேல் நன்முல்லையின் வரைபடம், நாலு முனையிலும் மணல் பைகள். பக்கத்தில் பதிவேடு திறந்திருந்தது. எண் எழுதவேண்டிய கட்டம் காலி.

செசிலி பென்சில் முனையால் வடக்கு ஓரத்தில் ஓரிடத்தைத் தொட்டாள்.

“இது?”

“நொச்சிக்குடி.”

“வெள்ளையா இருக்கு.”

“அங்க கிணறு இல்ல. பூஜ்ஜியம்.”

“போய்ப் பார்த்தியா?”

நன்முல்லைக்குச் சுருக்கென்றது. எண்பத்தைந்து ஊர் நடையாய் நடந்தவளிடம் ஒற்றை ஊருக்குக் கணக்குக் கேட்பதா? போன மழையில் பாதை அறுந்து கிடந்ததைச் சொன்னாள். ஊர்த்தலைவருக்கு ஆறு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை என்றாள். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் சராசரி போட மாட்டேன் என்கிறது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன் என்றாள்.

“எண்பத்தாறுல ஒண்ணு, அக்கா.”

செசிலி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். பாறைக்காரன் மேசையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“தாகமா இருக்கும். போய்க் குடி.”

போனாள். கேனை நன்றாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அரை டம்ளர்தான் விழுந்தது.

முதல் வாய் இறங்கியது. அதே தித்திப்பு.

இரண்டாவது வாய் இறங்கவில்லை.

டம்ளரோடு உள்ளே வரப் பார்த்தாள். சணல் கயிறு விடவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். மூன்று நாளில், பதிலுக்குக் காத்து நின்று அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“அக்கா, உங்களுக்கு எந்த ஊர்?”

செசிலி மணல் பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

“நொச்சிக்குடிக்கு மூணரைக்குப் பஸ். கேனையும் எடுத்துக்கோ. வரும்போது நிரப்பிட்டு வா.”