பிரேக் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் லாரிக்கு வாய் உண்டு. என்ஜினுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, சக்கரங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பிரேக்குக்கு ஒன்று. ஹாரனுக்கு எப்போதும் வெட்டிப்பேச்சு. என்ஜின் பொருமிக்கொண்டே இருக்கும். பிரேக் மட்டும் பயந்த சுபாவம், காரியம் இருந்தால்தான் வாயைத் திறக்கும். திறந்தால் லேசில் மூடாது, அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட லாரி ஒன்றுக்குச் செங்கோடன் டிரைவர். ஒருநாள் காலை மலைமேல் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு கீழே கிளம்பினான். பக்கத்தில் அவன் மனைவி பாவாயி, நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீட்டில் விட வேண்டும். வழியில் நாற்பது வளைவு. நடுவிலேயே வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் செங்கோடனை விரட்டியது.

அந்த அவசரத்தில் புத்தி பிசகியது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். அவனோ சீக்கிரம் போகட்டும் என்று கியரை எடுத்து நியூட்ரலில் உருள விட்டான்.

"கியர்ல போடுங்ணா," என்றது என்ஜின். "பாதி வேகத்த நான் இழுத்துப் புடிக்கறேன்."

"நீ புடிச்சா ஊரு போய்ச் சேர பொழுது சாஞ்சிரும்."

ஐந்தாவது வளைவில் பிரேக் ஆரம்பித்தது. "சுடுதுங்ணா."

"பிரேக்குன்னா சுடத்தான் செய்யும்."

"அதில்லீங்ணா. சக்கரத்தோட சுத்தற டிரம்முல கட்டைய அமுக்கித்தான் நான் வண்டிய நிறுத்தறேன். ஓட்டமெல்லாம் எங்கிட்டச் சூடா வந்து சேருது. ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. இல்லீன்னா கட்டை வழுக்கும், ஆயில் கொதிக்கும். அப்பறம் நீங்க மிதிச்சாலும் எனக்குப் புடிக்கத் தெம்பிருக்காது."

எட்டாவது வளைவிலும் சொன்னது. பத்திலும் சொன்னது.

"அது சொல்றதக் கேளுங்க மாமா. எனக்குப் பயமா இருக்குது," என்றாள் பாவாயி.

அவள் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் செங்கோடனின் பயமெல்லாம் கோபமாகி பிரேக்கின்மேல் பாய்ந்தது.

"புள்ளத்தாச்சியப் பயமுறுத்தறயா? இனிப் பேச மாட்டேன்னு பொறக்கப்போற எம்புள்ள மேல சத்தியம் பண்ணு."

பிரேக் தயங்கியது. பிறகு, "சத்தியமுங்ணா," என்றது. அதுதான் அது பேசிய கடைசி வார்த்தை.

கேபினில் அமைதி. முதலில் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. நாலு வளைவு தாண்டியதும் அந்த அமைதியே அவனை உறுத்தியது. இருபதாவது வளைவுக்கு முன் மிதித்தான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மறுபடி மிதித்தான், தரையைத் தொட்டது. எதிரே வளைவு, அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

உள்ளே பிரேக் தவித்தது. எச்சரிக்க வேண்டும், ஆனால் ஒரு சொல் சொன்னாலும் சத்தியம் பிள்ளையைத் தாக்கும். சொல்லை விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த கட்டையை எரிகிற டிரம்மில் அழுத்தியது. வார்த்தையே இல்லாத ஓர் அலறல் கிளம்பியது. கூடவே கருகல் வாடை.

அந்த அலறலில்தான் செங்கோடனுக்குப் புத்தி வந்தது. ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். லாரி மண்மேட்டில் உரசி, குலுங்கி, வளைவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பலாப்பழங்கள் பாதி பள்ளத்தில் உருண்டன.

பாவாயி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "புள்ள அசையுது மாமா," என்றாள்.

செங்கோடன் இறங்கி, புகைகிற சக்கரத்தின் அருகே குந்தினான்.

"எம்மேலதான் தப்பு. சத்தியத்த உட்டுரு. ஒரு வார்த்தை பேசு, சாமி."

கேட்டு வாங்கியவன் வேண்டாம் என்றாலும், பிள்ளைமேல் செய்த சத்தியத்தை மீற பிரேக்குக்கு மனம் வரவில்லை. பிரேக் இனமே அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டது. சூடு ஆறும்வரை செங்கோடன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அன்று முதல்தான் பிரேக் பேசுவதில்லை, தாங்க முடியாதபோது கிறீச்சிடும், கருகும். மலை இறங்கும் டிரைவர்களும் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, அது சொல்லாமல் விட்டது என்னவோ என்று சக்கரத்தருகே குந்தி மோந்து பார்க்கிறார்கள்.