முதல் உருண்டை

மழை பொய்த்து அது இரண்டாவது வருடம். கோட்டையிலிருந்து அரசி, குமரேச அடிகளின் மடத்துக்கு ஆள் அனுப்பினார்.

"என் நாட்டுப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வல்லுநர்கள் வேண்டும். அவர்களை மடம் தேர்ந்தெடுத்துத் தரட்டும்."

களஞ்சியத்தில் இருந்த தானியம் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போதாது. எந்த ஊர்ப் பிள்ளைகள் வாடிக் கிடக்கிறார்களோ அந்த ஊருக்கு முதல் வண்டிகள் போகும். மற்ற ஊர்கள் காத்திருக்க வேண்டும். தப்பான ஊருக்கு வண்டி போனால் சரியான ஊரில் பிள்ளைகள் பிழைப்பது கஷ்டம்.

அடிகள் அந்தப் பொறுப்பைத் திருமேனியிடம் கொடுத்தார்.

திருமேனிக்குக் கால் தரையில் பாவவில்லை. மடத்தில் தலை நரைக்கத் தொடங்கிய சீடர் அவர். இத்தனை வருடத்தில் அடிகள் அவரை நம்பி ஒப்படைத்த பெரிய காரியம் என்றால் மடத்துப் பசுக்கள்தான். இப்போது அரசியின் காரியம்! ஊரெல்லாம் தண்டோரா போடச் சொன்னார்.

வல்லுநர்கள் வந்து குவிந்தார்கள். பிள்ளை நோய்கள் அத்தனையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தவர் ஒருவர். பல்லக்கும் தலையணையும் கொடுத்தால்தான் வீடு வீடாகப் போவேன் என்றவர் ஒருவர். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசியவர் ஒருவர், அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

திருமேனி சலித்துச் சலித்து இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவர் அம்பலவாணர், நாடறிந்த வைத்தியர். இன்னொருவர் உலகம்மை, கோட்டை வைத்தியசாலையில் பிள்ளைகள் பிரிவைப் பல வருடம் நடத்தியவர். இருவரில் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். மற்ற வல்லுநர்கள் அவரிடம் முறை கற்றுக்கொண்டு நாடு முழுக்கப் போக வேண்டும்.

"ரெண்டு பேரும் தனித்தனியா வடக்கூருக்கும் தெற்கூருக்கும் போயிட்டு வாங்க. எந்த ஊருக்கு முதல் வண்டின்னு சொல்லுங்க" என்றார் திருமேனி.

அம்பலவாணருடன் திருமேனியே துணைக்குப் போனார். தெற்கூரில் அவருடைய அக்கா ஆவுடை இருந்தாள். அக்கா கையால் ஒரு வாய் சாப்பிட்டு வெகுநாள் ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

வடக்கூரில் தாய்மார்கள் வைத்தியரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இவன் எங்க வைத்தியரே சாப்பிடுதான்? எலும்பும் தோலுமா இருக்கான், பாருங்க" என்றாள் ஒருத்தி. அவள் இடுப்பில் இருந்தவனின் அரைஞாண் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வேற்று ஆள் முன்னால் சொல்லி எந்தத் தாய் கண்ணேறு வாங்கிக்கொள்வாள்?

திருமேனிக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. "இவன் கொழுகொழுன்னுதானே இருக்கான்?"

"பட்டினியிலயும் உடம்பு இப்படி ஊதும்" என்றார் அம்பலவாணர். "உங்களுக்குத் தெரியாது."

அவர் சொன்னது உண்மைதான், வைத்திய நூலில் இருப்பதுதான். 

தெற்கூரில் பேச்சே வேறு மாதிரி இருந்தது. "எங்க பிள்ளைகளுக்கு என்ன குறை?" என்றார்கள் எல்லா வீட்டிலும். பிள்ளைகள் ஒல்லியாக இருந்தார்கள். கரிசல் காட்டு உடல்வாகு அப்படித்தான் என்றார் வைத்தியர்.

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. ஆவுடை கும்பா நிறையக் கம்மஞ்சோறும் துவையலும் வைத்தாள். வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். வைத்தியர் இரண்டாவது தடவையும் வாங்கினார். திருமேனியும் வாங்கினார். அக்காவின் மகள் பூரணம் பக்கத்தில் நின்று ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"நீ உக்காரலையா தாயி?"

"நான் அப்பவே சாப்ட்டேன் மாமா."

என்ன அடக்கம், என்ன மரியாதை என்று திருமேனிக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். தாய்மாமனுக்கு மருமகளைப் பற்றிப் பேசக் கேட்கவா வேண்டும். முதல் வண்டி வடக்கூருக்குத்தான் என்றார் வைத்தியர்.

மறுநாள் உலகம்மை வந்தாள்.

"முதல் வண்டி தெற்கூருக்குப் போகணும். அங்க ஒரு பிள்ளைக்கும் வயிறு நிறையல. வடக்கூர் காத்திருக்கலாம்" என்றாள்.

"தெற்கூர்ல எந்தத் தாயாவது அப்படிச் சொன்னாளா?"

"ஒருத்தியும் சொல்லல."

"பின்னே எப்படித் தெரியும்?"

"போன வீட்லயெல்லாம் சாப்பிடச் சொன்னாங்க. எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு, விருந்தாளி முதல் உருண்டைய வீட்டுப் பிள்ளை வாயில வச்சிட்டுத்தான் சாப்பிடணும்னு சொன்னேன். வந்தவ வழக்கத்த யாரு மறுப்பா? வடக்கூர்ப் பிள்ளைங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடிச்சு. தெற்கூர்ப் பிள்ளைங்க மெல்லவே இல்ல. முழுங்கிச்சு."

"உங்க ஊரு எது?"

"பாலையூர்."

"பாலையூர் எனக்குத் தெரியும். அங்க அப்படி வழக்கம் எதுவும் கிடையாது."

"கிடையாதுதான்" என்றாள் உலகம்மை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

திருமேனிக்குச் சுருக்கென்றது. "ஆவுடைன்னு ஒருத்தர் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். பூரணம்னு ஒரு பிள்ளை. அவளும் அப்படித்தான்."

"அது எங்க அக்கா வீடு!"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"இதையேதான் சொல்லியிருப்பேன்."

திருமேனி எழுந்துவிட்டார். "என் மருமக பட்டினி கிடக்கான்னு என்கிட்டயே சொல்றீங்க. அதுவும் பொய் சொல்லிக் கண்டுபிடிச்சதா. அரசி காரியத்துக்குப் பொய் பேசற ஆள் வேண்டாம், போயிட்டு வாங்க."

உலகம்மை மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "வண்டி கிளம்புற வரைக்கும் சத்திரத்துல இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்பலவாணர்தான் தலைமை, வடக்கூருக்குத்தான் முதல் வண்டி என்று திருமேனி மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலை வண்டி புறப்பட வேண்டும். ஆனாலும் மனம் சமாதானம் ஆகவில்லை. அடிகளிடம் போனார். உச்சி வேளை. அடிகள் மடைப்பள்ளித் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ரெண்டு பேரும் படிச்சவங்க. அதே ரெண்டு ஊருக்கும் போயிட்டு வந்து ரெண்டு விதமா சொல்றாங்க. ஒருத்தர் தாய்மார் சொன்னதச் சொல்றார். இன்னொருத்தர் பொய் சொல்லிட்டு வந்து பேசறாங்க. யாரை எடுக்கிறது?"

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல சாமி."

"உக்காரு. முதல்ல சாப்பிடு."

அடிகள் தானே எழுந்து இலை போட்டார். சோற்றுப் பானையைச் சாய்த்து வழித்து வைத்தார். கீரை வைத்தார். மோர் ஊற்றினார்.

"நீங்க சாமி?"

"நான் அப்பவே சாப்ட்டேன்."

திருமேனி சாப்பிட்டார். பசி இருந்தது, கீரையும் நன்றாக இருந்தது. இலையை எடுத்துப் போட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது, மடைப்பள்ளி பார்க்கும் பலவேசம் பானையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்களுக்குன்னு எடுத்து வச்ச சோறு எங்க? காலையிலயும் நீங்க ஒண்ணும் சாப்பிடலையே."

திருமேனி அடிகளிடம் திரும்பினார்.

"சாமி, சாப்ட்டேன்னு சொன்னீங்களே."

"நீ கேட்ட. நான் சொன்னேன்" என்றார் அடிகள்.

திருமேனியின் காதில் ஓலை விசிறியின் சத்தம் கேட்டது. நான் அப்பவே சாப்ட்டேன் மாமா. அவர் தின்ற முதல் கும்பா யாருடையது, இரண்டாவது கும்பா யாருடையது என்று அப்போது புரிந்தது. 

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கூருக்கு நடந்தார். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

"என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கே" என்று ஆவுடை பதறினாள். பதற்றத்திலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. உள்ளே போய் ஒரு கும்பாவோடு வந்தாள். "சாப்பிடு. நாங்க இப்பத்தான் முடிச்சோம்."

கும்பாவில் கம்மஞ்சோறு பாதிதான் இருந்தது. திருமேனி உட்கார்ந்தார்.

"அக்கா, மடத்துல ஒரு வழக்கம். முதல் உருண்டைய வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துட்டுத்தான் நாங்க சாப்பிடணும்."

"இது எப்பலருந்து?"

"ரொம்ப நாளா இருக்கு. போன தடவ வைத்தியர் கூட வந்ததுல மறந்துட்டேன்."

ஆவுடை தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவன் பொய் சொல்லும்போதெல்லாம் பார்த்த அதே பார்வை. பூரணம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

திருமேனி உருண்டையைப் பிடித்து மருமகள் வாயில் வைத்தார். அவள் மெல்லவில்லை. இன்னொன்று வைத்தார். அதுவும் உள்ளே போயிற்று. கும்பா காலியாகும்வரை அவர் கை நிற்கவில்லை.

ஆவுடை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் மட்டும் உடையவில்லை.

"மடத்து வழக்கம்னா செய்யத்தான வேணும், தம்பி."

இப்படி ஒருத்திக்குத் தம்பியாகப் பிறந்தோமே என்று திருமேனிக்கு நெஞ்சு விம்மியது. அழுகையும் வந்தது. அழுதால் அக்காவுக்குப் பிடிக்காது, அடக்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நேரே சத்திரத்துக்குப் போனார். உலகம்மை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்கதான் தலைமை ஏத்துக்கணும். முன்னாடி நான் பேசினத மனசுல வச்சிக்காதீங்க."

"வைத்தியர் அம்பலவாணர்?"

"அவரு..." திருமேனி தடுமாறினார்.

"அவரும் வேணும்" என்றாள் உலகம்மை. "பட்டினி கிடந்த வயித்துக்கு எத எப்போ எவ்வளவு கொடுக்கணும்னு அவர விட யாருக்குத் தெரியும்? கேக்குற முறைய நான் சொல்லித் தாரேன்."

அம்பலவாணரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர், "நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேனே" என்றார். அடுத்த ஊரிலிருந்து அவர் கையால்தான் முதல் உருண்டை. பிள்ளைகளும் அவரிடம் பயமில்லாமல் வந்தார்கள்.

வண்டிகள் மறுநாள் காலையில் தெற்கூருக்குப் புறப்பட்டன. உலகம்மையும் திருமேனியும் கூடப் போனார்கள். ஊர்ப் பெரியவர் வழியை மறித்து நின்றார். பின்னால் ஊரே நின்றது. ஆவுடையும் நின்றாள்.

"நாங்க யார்கிட்டயும் கை நீட்டலையே. வண்டியத் திருப்புங்க."

திருமேனி உலகம்மையைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அவள் நின்றாள்.

"ஐயா, இது யாரும் கேட்டு வந்தது இல்ல" என்றார் திருமேனி. "அரசிக்கு ஒரு வழக்கம். நாட்டுப் பிள்ளைக முதல் உருண்டை சாப்பிட்ட பெறகுதான் அவங்க சோத்துல கை வைப்பாங்க. நீங்க திருப்பி அனுப்பினா அவங்க இன்னைக்குப் பட்டினி."

பெரியவர் யோசித்தார். திரும்பி ஊரைப் பார்த்தார்.

"அரசியப் பட்டினி போட்ட ஊருன்னு நமக்குப் பேரு வரக் கூடாதுப்பா. எறக்குங்க."

மூட்டைகளைத் தெற்கூர்க்காரர்கள்தான் இறக்கினார்கள், வண்டிக்காரர்களைத் தொட விடவில்லை. இறக்கி முடித்ததும் வண்டிக்காரர்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

செய்தி கோட்டைக்கு எட்டியது. தன் பெயரில் ஒரு வழக்கம் இருப்பதை அரசியே அப்போதுதான் தெரிந்துகொண்டார். அன்று மத்தியானம் உணவு வந்ததும், குதிரை லாயத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, கூட்டி வாருங்கள் என்றார்.

வல்லுநர்கள் நாடு முழுக்கப் போனார்கள். எங்கே போனாலும் வாசலில் அந்த வழக்கத்தைச் சொன்னார்கள். வண்டிகள் வழி தவறவில்லை. மழையும் ஒருவழியாக வந்தது.

அறுவடை முடிந்து மடத்தில் பூசை. ஆவுடை மகளோடு வந்திருந்தாள். அடிகளுக்கு இலை போட்டிருந்தது. திருமேனி பக்கத்தில் போய் நின்றார்.

"சாமி, ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. அப்படி ஒரு வழக்கம் எந்த ஊர்லயும் இல்ல. உலகம்மை சொன்னதும் பொய். நான் அக்காகிட்ட சொன்னதும் பொய், ஊர்கிட்ட சொன்னதும் பொய்."

அடிகள் சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை பிடித்தார். வாயில் வைக்கவில்லை.

"பூரணத்தக் கூப்பிடு. எனக்குப் பசிக்குது."

பூரணம் ஓடி வந்தாள். அடிகள் உருண்டையை நீட்டினார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

"போங்க சாமி, வயித்துல இடமே இல்ல." சொல்லிவிட்டு விளையாட ஓடிப்போனாள்.

ஆவுடை தூணோரம் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை அன்றைக்கும் நிமிர்ந்துதான் இருந்தது.

அடிகள் அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார். பிறகு திருமேனியைப் பார்த்தார்.

"என்னமோ பொய்னு சொன்னியே. எது?"