ஆள்காட்டி ஏன் மரமேறுவதில்லை

அந்தக் காலத்தில் மனிதர் பேசுவது பறவைகளுக்குப் புரியும், பறவைகள் பேசுவது மனிதருக்கும் புரியும். அப்போது ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. மஞ்சள்காலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரிக்கரை மருதமரத்தின் உச்சிக் கிளையில் அவளுடைய கூடு இருந்தது. அவள் சாதுவான பறவை, அதிகம் சத்தம் போடமாட்டாள்.

அந்த நாட்டை உருவிலி என்ற அரக்கன் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கென்று சொந்த உருவம் இல்லை. ஒரு வீட்டுக்குப் போவதென்றால் அந்த வீட்டார் யாருக்காக ஏங்குகிறார்களோ அவர் உருவத்தில் போவான். ஊருக்குப் போன மகனாகப் போவான், காணாமல்போன தாயாகப் போவான். கதவு திறக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மனிதரும் விலங்குகளும் ஒன்றுசேர்ந்து அவனோடு போரிட்டார்கள். யானைகள் செத்தன. ஊர்கள் காலியாயின. மிஞ்சியவர்கள் எல்லோரும் வற்றிப்போன ஏரிக்குள் கூடி, சுற்றிலும் முள்வேலி போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி வெண்ணி. அவளுடைய தம்பி எயினன் படையைக் கூட்டிக்கொண்டு அரக்கனின் குகையைத் தேடிப் போயிருந்தான்.

ஒருநாள் பலத்த காற்றில் மஞ்சள்காலியின் முட்டை ஒன்று கூட்டிலிருந்து விழுந்துவிட்டது. அவள் பதறிக் கீழே இறங்கித் தேடினாள். அப்போது வேலிக்கு வெளியே ஒரு கிழவர் நடந்து போனார். தரையோடு தரையாக நின்றதால் அவருடைய பாதம் அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பாதத்துக்குக் கீழே புல் மடங்கவில்லை. புழுதியில் தடம் விழவில்லை. புல் உயரத்துக்கு மேலே அந்தரத்தில் நடந்து போனார் அந்தக் கிழவர்.

மஞ்சள்காலி பறந்து போய் வெண்ணியிடம் சொன்னாள்.

 "அப்படியானால் உருவிலியின் கால் மண்ணில் படாதா? இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் இது தெரியவில்லையே" என்றாள் வெண்ணி. "நாங்கள் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். நீ காலைப் பார். இங்கேயே தரையில் இருந்துகொள். அவன் வந்தால் கத்து."

"என் கூடு?"

"போர் முடியட்டும். மரம் எங்கே போய்விடப்போகிறது?"

மஞ்சள்காலி வேலிவாசலில் பொடிக்கற்களுக்கு நடுவே மண்ணைச் சீய்த்து, மிச்சமிருந்த முட்டைகளை அங்கே கொண்டுவந்து வைத்தாள். வருகிறவர், போகிறவர் காலையெல்லாம் பார்த்தாள். கண்ணயரப் பயம். அயர்ந்த நேரத்தில் வந்துவிட்டால்? தூங்காமல் தூங்காமல் அவள் கண்ணைச் சுற்றிச் சிவந்துபோனது.

குகைக்குப் போன படையிடமிருந்து சேதியே வரவில்லை. வெண்ணி சாப்பிடுவதை விட்டாள். வாசலுக்கும் குடிசைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரு பிற்பகலில் தூரத்தில் காற்றில் புழுதி எழுந்தது. எயினன் வந்தான். தனியாக, நொண்டிக்கொண்டு, நெற்றியில் ரத்தம் வழிய வந்தான்.

"அக்கா, முள்ளை விலக்கு. முடியவில்லை அக்கா" என்றான். அதே குரல்.

வெண்ணி ஓடிப்போய் முள்ளில் கை வைத்துவிட்டாள். மஞ்சள்காலி அவன் காலைப் பார்த்தாள். காற்றில் பறந்த புழுதி மறைத்தது. இன்னும் கிட்டே ஓடினாள். ஒரு மிதி மிதித்தால் செத்துப்போகிற அளவுக்குக் கிட்டே போனாள்.

அவன் குனிந்து சிரித்தான். "மஞ்சள்காலி, நீயா? குஞ்சு பொரித்துவிட்டாயா?"

அவன் பாதத்துக்குக் கீழே ஒரு புல் நிமிர்ந்து நின்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரது நீ? யாரது நீ?" என்று மஞ்சள்காலி அலறினாள். வாழ்நாளில் அவள் போட்ட முதல் கூச்சல் அதுதான்.

வெண்ணி முள்ளிலிருந்து கையை எடுத்தாள். "நன்றாகப் பார்த்தாயா? அவன் என் தம்பி."

"பார்த்தேன்."

"நீ சொல்வது தப்பாகப் போனால்?"

"பார்த்தேன், அம்மா! எறியுங்கள்!"

வெண்ணி ஈட்டியை எறிந்தாள். அது எயினனின் மார்பில் பாய்ந்தது. முகம் கரைந்தது. கைகால் கரைந்தது. உருவிலி தரையில் சரிந்தான். உயிர் போகும் நேரத்தில் மஞ்சள்காலியைப் பார்த்து, "நான் ஒருவன்தான் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு செத்தான்.

அது உண்மையா, சாகும்போது சொன்ன பொய்யா, யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் படை திரும்பியது. குகை காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர்கள் ஓடோடி வந்திருந்தார்கள். முன்னால் எயினன். அவனைப் பார்த்ததும் மஞ்சள்காலிக்கு நேற்று வந்த முகம்தான் தெரிந்தது. காலைப் பார்க்குமுன்னே வாய் கத்திவிட்டது.

"யாரது நீ?"

வெண்ணி யோசிக்கவில்லை. ஈட்டி பறந்தது.

அதன் பிறகுதான் மஞ்சள்காலி தடத்தைப் பார்த்தாள். புழுதியில் குதிகாலும் விரல்களும் ஆழமாகப் பதிந்திருந்தன.

"ஐயோ, அவன்தான்! நம் பிள்ளைதான்!"

ஈட்டி வலத் தோளைக் கிழித்துப் போயிருந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் அந்த வலக்கை பிறகு தூக்க வரவே இல்லை.

வெண்ணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "வில் பிடிக்கிற கையடா இது!"

"இனி வில் எதற்கு அக்கா?" என்றான் எயினன். "போர்தான் முடிந்துவிட்டதே."

மழை பெய்தது. ஏரிக்குத் தண்ணீர் வந்தது. மக்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். வீடு கட்டினார்கள், கதவு வைத்தார்கள், யாராவது தட்டினால் திறக்கவும் பழகினார்கள்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு மஞ்சள்காலியும் மருதமரத்துக்குப் போனாள். உச்சிக் கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். தலைகள் தெரிந்தன. தோள்கள் தெரிந்தன. கால்கள் தெரியவில்லை.  இறங்கி வந்துவிட்டாள். மறுபடி ஏறிப்பார்த்தாள், மறுபடி இறங்கினாள்.

கடைசியாகக் கிளம்பிய வெண்ணி அவளைத் தேடி வந்தாள். மஞ்சள்காலி கரைக் கற்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் இங்கேயே நிற்கிறாய்? அவன் செத்துவிட்டான். நீதானே ஆளைக் காட்டிக்கொடுத்தாய்."

"இன்னொருவன் வரமாட்டான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, அம்மா?"

 வெண்ணி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான் இனிக் கத்தாமல் இருக்கமாட்டேன்" என்றாள் மஞ்சள்காலி. "நல்லவர் வந்தாலும் கத்துவேன். என்னை அடக்க எனக்கே முடியவில்லை. என் கத்தலைக் கேட்டு யாரும் ஈட்டி எடுக்கவேண்டாம். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்."

"சொல்கிறேன்" என்றாள் வெண்ணி. "நீ கத்தினால் எங்கள் பிள்ளைகள் ஆயுதம் எடுக்கமாட்டார்கள். ஆனால் திரும்பிப் பார்ப்பார்கள். உன்னைத் தனியாகக் காவலுக்கு விடமாட்டோம்."

அன்று முதல் அவளுக்கு ஆள்காட்டி என்று பெயர். எந்த மரம் காலியாகக் கிடந்தாலும் ஆள்காட்டி அதில் போய் உட்காருவதில்லை. வெட்டவெளித் தரையில் முட்டையிட்டு, வருகிற எவரையும் பார்த்துக் கத்துகிறது. வயல்வெளியில் அந்தக் குரல் கேட்டால் நாமும் கல்லெடுப்பதில்லை. ஒரு நொடி நின்று, வருவது யாரென்று பார்த்துவிட்டு நடக்கிறோம்.