வெட்டு தெரியாத படம்

புத்தி விநியோகமான அன்று வரிசை நீளம் என்று டீ குடிக்கப் போய்விட்ட மூன்று பேர், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் சினிமா படித்தார்கள். சகாயம், தில்லை, பீர். இவர்களில் சகாயத்தின் தலைக்கு மேல்தான் கத்தி தொங்கியது. அவன் அப்பா அந்தோணிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார்: "நீங்க எடுக்குத படத்தை நானே வந்து பாப்பேன். தேறலைன்னா மறுநாளே நம்ம சிமென்ட் கடையில வந்து உக்காரு."

சகாயத்துக்கு சிமென்ட் என்று நினைத்தாலே தும்மல் வரும். அதனால் பாடம் எடுத்த ரூபவதி மேடம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே பிடித்துக்கொண்டான். வினையே அங்கேதான்.

"நம்ம தேசத்து சினிமான்னா ஒவ்வொரு ஷாட்டிலயும் நாடு தெரியணும்," என்றார் மேடம். உடனே இந்தியா மேப் ஒன்று வாங்கினார்கள். கதாநாயகன் தில்லை டீ குடித்தால் பின்னால் மேப். தூங்கினால் தலைமாட்டில் மேப். ஆற்றில் குளித்தபோது பீர் கழுத்தளவுத் தண்ணீரில் மேப்பைத் தூக்கிப் பிடித்து நின்றான். கன்னியாகுமரி ஊறிக் கிழிந்து ஆற்றோடு போனது.

அடுத்து எடிட்டிங் பாடம். "ஒரு ஷாட்ல இருந்தது அடுத்த ஷாட்லயும் அப்படியே இருக்கணும்."

முதல் ஷாட்டில் சுவர்மேல் ஒரு காக்கா இருந்தது. இரண்டாவதற்குள் பறந்துவிட்டது. பொரி போட்டுக் காத்திருந்தார்கள். ஒன்று வந்தது.

"இது அந்தக் காக்கா இல்லலே," என்றான் சகாயம்.

"எப்படிச் சொல்லுத?"

"அது நம்மள மதிச்சுப் பாத்துச்சு. இது பாக்குத பார்வையே சரியில்ல."

பீர் யோசித்தான். "அப்ப இதை வச்சு முதல் ஷாட்டையே திரும்ப எடுப்போம்."

எடுத்தார்கள். அதுவும் பறந்தது. அந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்பு காக்கா வசதிப்படி நடந்தது.

கடைசியாக மேடம் சொன்னார்: "ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் சேருற வெட்டு ஒருத்தர் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அதுதான் நல்ல எடிட்டிங்."

"எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிருவோமா?" என்றான் தில்லை.

"மேடத்தைப் போயி கண்ணை மூடுங்கம்பியா? மரியாதை வேண்டாமா? நாமதாம்லே மறைக்கணும்," என்ற சகாயம், பீர் வீட்டுப் பெரிய கறுப்புக் குடையை எடுத்துவரச் சொன்னான்.

திரையிடும் நாள். முன்வரிசையில் அந்தோணிமுத்து, இஸ்திரி கலையாமல். வெட்டு வந்த இடமெல்லாம் பீர் ப்ரொஜெக்டர் முன்னால் எழுந்து குடையை விரித்தான். வெட்டு தாண்டியதும் மடக்கினான். படத்தில் வெட்டுக்குக் குறைச்சலே இல்லை. திரையில் தில்லையின் மூக்கு, குடையும் பீரும் நிழலாக, அரைக் காக்கா, மறுபடி குடை, கொஞ்சம் காஷ்மீர், மறுபடி குடை.

விளக்கு எரிந்தது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலைப்பா!"

"தேங்க்ஸ் மேடம்!" மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சகாயம் பயந்து பயந்து அப்பாவைப் பார்த்தான். அவர் எழுந்து வந்து மகன் தோளில் கை வைத்தார்.

"நீ கடைக்கு வர வேண்டாம்லே. இதையே படி. அந்தக் குடைக்காரன் என்னமா நடிச்சிருக்கான்!"

அப்புறம் மகன் மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தணித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் குறை. பாவம், அம்புட்டுத் தடவை குடையை விரிச்சான். ஒரு இடத்துலயாவது மழையைக் காட்டியிருக்கலாம்லா?"