சோலைமலையின் இரண்டாவது உலை

குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. குரு மெஹருன்னிசா, மதுரையில் ஒரு மருத்துவமனையில் குடல் அறுவை நிபுணர். சீடர் இருதயராஜ், கிராமத்து ஆஸ்பத்திரிகளில் இருபது வருடம் ஊசி போட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். பாடம் ஒழுங்காகத்தான் நடந்தது.

சாருக்குக் கணக்கு என்றால் உயிர். குடல் புற்றுநோயை வெட்டி எடுத்தபின் அது கல்லீரலுக்குப் பரவுமா என்று சொல்ல ஒரு கணக்கு கற்றிருந்தார். அதை, அந்த அறுவை முடிந்து வார்டில் படுத்திருந்த கல்யாணச் சமையல்காரர் சோலைமலைக்குப் போட்டுப் பார்த்தார். நூறு பேரில் முப்பத்தொரு பேருக்குப் பரவும் என்று வந்த விடையை அவரிடமே சொல்லியும் விட்டார், நல்ல மனுஷர்.

மறுநாளே சோலைமலை தை மாதக் கல்யாணங்களையெல்லாம் வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டார். காயம் ஆறியிருந்தது, பசியும் எடுத்தது. ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருதயராஜுக்கு மனசு கேட்கவில்லை.

“மேடம், இவர் அந்த முப்பத்தொண்ணுல ஒருத்தரா, மிச்ச அறுபத்தொன்பதுல ஒருத்தரா? அதைச் சொல்ல வழி இருக்கா?”

மெஹருன்னிசா சோலைமலையின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, ஐந்நூறு பேருக்குச் சமைக்கச் சொன்னா எத்தனை பேர் வருவாங்க?”

“அது யாருக்குத் தெரியும் டாக்டரம்மா.” சுவரிடம்தான் சொன்னார்.

“கூட வந்துட்டா?”

“ரெண்டாவது உலை கொதிச்சுக்கிட்டே இருக்கும். பந்திக்குப் பந்தி எட்டிப் பாப்பேன். கூட்டம் ஏறுச்சுன்னா அரிசியைப் போட்டுருவேன்.”

“வராட்டி?”

“வெந்நீர்தானே. அண்டா கழுவ ஆகும்.”

மெஹருன்னிசா சிரித்துவிட்டார். “நாங்களும் அப்படித்தாண்ணே. மூணு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். கல்லீரல்ல ஏதாச்சும் தலைகாட்டுனா, சின்னதா இருக்கும்போதே எடுக்கப் பாப்போம்.”

சோலைமலை வயிற்றைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்து, போனை எடுத்தார்.

“பாண்டி, அந்தத் தை ஆர்டரையெல்லாம் விட்ரு. நானே பாத்துக்கறேன்.”

வராந்தாவுக்கு வந்ததும் இருதயராஜ் விடவில்லை.

“சரி மேடம், அவர் எந்தப் பக்கம்?”

“தெரியாது சார். தையில என்னென்னைக்கு முகூர்த்தம்னு அவர்கிட்டக் கேளுங்க. அந்த நாளையெல்லாம் விட்டுட்டு ஸ்கேனுக்குத் தேதி போடுங்க.”