முதுகுக்கண்ணனைச் சொன்னவர்கள்

மாயா தேசத்துக் காட்டோர ஊர் ஒன்றில் கனுல் என்ற கதைசொல்லி இருந்தார். பாலாம் அவருடைய சீடன். நரை விழுந்த பிறகு கதை சொல்லக் கிளம்பியவன். ஆசைக்கு ஏது வயது?

முதுகுக்கண்ணன் கதை என்றால் அவனுக்கு உயிர். முதுகுக்கண்ணன் ஒரு சாண் உயரம்தான். கண் இரண்டும் முதுகில். மக்காச்சோளக் கொல்லைக்கு அவன் காவல்.

அறுவடை விழாவில் அந்தக் கதையைச் சொல்லப் பாலாமுக்கு முறை வந்தது. அங்கேதான் சிக்கல். கதை யார் யார் வாய்வழி வந்தது என்று சொல்லாதவனைச் சபை பேசவே விடாது. குருவின் பெயர் மட்டும் போதாது, அவருக்குச் சொன்னவர் பெயரும் வேண்டும்.

குருவைக் கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று வருந்துவாரோ? பாலாம் தானே தேடிக் கிளம்பினான். கால் வீங்கத் திரும்பி வந்தான்.

"எங்கே போயிருந்தாய்?"

"முதுகுக்கண்ணனைத் தேடி, குருவே. கோயில் சுவர்களில் இல்லை. சந்தையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் கட்டிவிட்ட கதை என்று சிரிக்கிறார்கள். நாளை நான் என்ன சொல்வேன்?"

"முதலில் கஞ்சி குடி."

கனுல் சுரைக்குடுக்கைகளில் சோளக்கஞ்சி ஊற்றினார். தன் குடுக்கையை எடுத்தவர் எதையோ முணுமுணுத்தார். கஞ்சி தரையில் சொட்டியது. கஞ்சி குடிக்கும்போதெல்லாம் இப்படித்தான். பாவம், கை நடுக்கம். பாலாம் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவித் துடைக்கக் குனிந்தான்.

குரு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் நடுக்கமே இல்லை.

"குருவே, உங்கள் கை..."

"என் கைக்கு என்ன?"

"அப்படியானால் இது?"

"இந்தச் சொட்டு, தேன் எடுக்கும் ஈட்சாவுக்கு. எனக்குச் சொன்னவள். இது அவளுக்குச் சொன்ன மாமன் சிமேவுக்கு. இது ஒரு மழைநாளில் சிமே வீட்டில் ஒதுங்கிய வழிப்போக்கனுக்கு. அவன் பேர் தெரியாது. மண்ணுக்குள் போய்விட்ட அவர்களுக்குக் கொடுக்காமல் நான் குடித்ததில்லை."

பாலாமுக்குக் கண் நிறைந்தது. முகம் பார்த்திராத அவர்கள் காலில் விழவேண்டும் போலிருந்தது.

"இத்தனை நாள் எனக்கு ஏன் சொல்லவில்லை, குருவே?"

"ஒவ்வொரு முறையும் சொன்னேன். நீதான் துடைத்துக்கொண்டிருந்தாய்."

பாலாம் துணியைத் தூர வைத்தான். தன் குடுக்கையை இரு கையாலும் ஏந்தினான். ஈட்சாவுக்கு ஒரு சொட்டு விட்டான். சிமேவுக்கு ஒன்று. பேர் தெரியாதவனுக்கு ஒன்று. பிறகு குருவைப் பார்த்தான். அழுகையும் சிரிப்புமாக இன்னொரு சொட்டு விடக் குடுக்கையைச் சாய்த்தான்.

கனுல் சட்டென்று தன் குடுக்கையை அடியில் நீட்டினார்.

"எனக்கு இதில் ஊற்று. நான் இன்னும் இருக்கிறேன்."